தூர்வாரித் தீராத நோய்

"வாய்க்காலத் தூர்வாருற மாதிரி அடைப்பை எடுத்துட்டீங்க. ரத்தம் ஓடுது. அப்புறம் எதுக்கு டாக்டர் இத்தனை மாத்திரை?"

ஸ்டென்ட் வைத்து முடித்து வீட்டுக்குப் புறப்பட்ட அன்று காவிரிக் கடைமடைப் பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயி என்னிடம் கேட்டார். வயது 54. அவர் கையில் ஆஞ்சியோ படம் பதிந்த குறுந்தகடு. அவர் மனைவி கையில் மருந்துச் சீட்டு. கேள்வியில் பிழை இல்லை. அந்தப் பேச்சை மக்களுக்குப் பழக்கியவர்கள் இதய மருத்துவர்களாகிய நாங்கள்தாம். 'அடைப்பு' என்றோம், 'எண்பது சதவீதம்' என்றோம், 'பலூன் வைத்துத் திறந்தாயிற்று' என்றோம். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாயில் பாசி அடைத்தது, குத்திவிட்டோம், சரியாயிற்று என்ற அளவில்தான் அவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

உண்மையில் தூர்கூட வாரப்படவில்லை. பலூன் விரியும்போது அடைப்பு, குழாயின் சுவரோடு வைத்து நசுக்கப்படுகிறது. அது மறுபடி சரிந்துவிடாதபடி உலோக வலை முட்டுக்கொடுத்து நிற்கிறது. வண்டல் கரையிலேயேதான் இருக்கிறது. அந்த வலையின் நீளம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர். நோயின் நீளமோ அவருடைய இதயம், மூளை, சிறுநீரகம், கால் விரல் என ரத்தம் போகும் தொலைவு முழுவதும். ஏனென்றால் நோய் இருப்பது குழாயின் உள்வெளியில் இல்லை, அதன் உட்படலத்தில்.

மருத்துவ நூல்கள் எண்டோதீலியம் என்று சொல்வது இந்த உட்படலத்தைத்தான். இதயத்தின் உள்ளறை முதல் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய் வரை, ரத்தம் தொடும் இடமெல்லாம் ஒரே ஓர் அடுக்குச் செல்கள், தரையில் ஓடு பதித்ததுபோல ஒன்றையொன்று ஒட்டிப் பதிந்திருக்கின்றன. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. 1865-இல் ஸ்விட்சர்லாந்தின் பேசல் நகரில் வில்ஹெல்ம் ஹிஸ் இதற்குப் பெயர் வைத்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, ரத்தம் ஒழுகாமல் காக்கும் வெறும் உறை என்றே பெரும்பாலோர் இதை நினைத்திருந்தார்கள். நான் கல்லூரியில் படித்த பாடநூலிலும் இதற்கு அரைப் பக்கம்தான்.

அந்த நினைப்பைக் கலைத்தது ஒரு சிறு தவறு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புரூக்ளின் பகுதியிலுள்ள அரசுப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியல் ஆய்வாளர் பல ஆண்டுகளாக முயலின் பெருந்தமனியை வைத்துச் சோதனை செய்துவந்தார். தமனியை நாடாபோல் வெட்டித் தொங்கவிட்டு, அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சொட்டினால் அது சுருங்கும். 1950-களில் அவரே எழுதிப் பதிவுசெய்த முடிவு அது. ஆனால் அதே பொருளை உயிருள்ள உடலுக்குள் செலுத்தினால் ரத்தக் குழாய்கள் விரிந்தன, அழுத்தம் இறங்கியது. இந்த முரண் கால் நூற்றாண்டுக்கும் மேலாக விடையில்லாமல் கிடந்தது.

1978-இல் ஒரு நாள், சோதனையில் மருந்துகளைச் செலுத்தும் வரிசையில் உதவியாளர் ஒரு படியைத் தவறவிட்டார். முந்தைய மருந்தைக் கழுவி நீக்காமலே அடுத்ததைச் சேர்த்துவிட்டார். சுருங்க வேண்டிய தமனித் துண்டு தளர்ந்தது. வேறொருவராக இருந்தால் அந்தத் துண்டை எறிந்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லியிருப்பார். ஃபர்ச்காட் அப்படிச் செய்யவில்லை. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இந்த முறை தமனி நாடாவாக வெட்டப்படாமல் வளையமாக வெட்டப்பட்டிருந்தது. நாடாவாகத் தயாரிக்கும்போது உட்புறம் எதிலாவது உரசிவிடும், வளையத்தில் உரசுவதில்லை. வேண்டுமென்றே உட்புறத்தை மெல்லத் தேய்த்துப் பார்த்தார். தளர்ச்சி நின்றுபோனது. பிறகு உட்படலம் உள்ள துண்டையும் இல்லாத துண்டையும் முகத்தோடு முகம் வைத்து மூடினார். உட்படலம் இல்லாத துண்டும் தளர்ந்தது! அந்த மெல்லிய படலம் ஏதோ ஒன்றைச் சுரந்து, பக்கத்துத் தசைக்குச் சேதி அனுப்புகிறது. 1980-இல் ஜான் சவாட்ஸ்கியுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். என் மாணவர்களுக்கு இந்தக் கதையை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். உரசாமல் கையாண்டதால் மட்டுமே ஒரு பேருண்மை வெளிப்பட்டது. நாமோ ஒவ்வொரு நாளும் பீடியாலும் உப்பாலும் சர்க்கரையாலும் அதே படலத்தை உரசிக்கொண்டிருக்கிறோம்.

சுரப்பது என்ன என்று தெரிய மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. நைட்ரிக் ஆக்சைடு. வண்டிப் புகையில் வரும் அந்த வாயு, உடலுக்குள் சில விநாடிகளே உயிர்வாழ்ந்து, குழாய்த் தசையைத் தளர்த்திவிட்டு மறைந்துபோகிறது. 1998-இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை நிறுவிய ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் செய்து பொருள் ஈட்டியவர். கடைசிக் காலத்தில் அவருடைய நெஞ்சு நோய்க்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த மருந்தும் அதே நைட்ரோகிளிசரின். அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடைத் தருவதால்தான் வேலை செய்கிறது என்று முராத் கண்டறிந்தது, நோபல் இறந்து எண்பது ஆண்டுகள் கழித்து. நம் ஊரில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிறார்களே சார்பிட்ரேட், அதுவும் இந்த வகைதான். உட்படலம் தானாகச் செய்ய வேண்டியதை வெளியிலிருந்து கடனாகக் கொடுக்கும் மாத்திரை அது.

ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்பாய்ச்சி என்றொருவர் உண்டு. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் வேண்டும் என்று பார்த்து மடையைத் திறந்து மூடுவார். உட்படலத்தின் முதல் வேலை அதுதான். மாடிப்படி ஏறும்போது இதயத் தசைக்கு அதிக ரத்தம் வேண்டும். உட்படலம் அதை உணர்ந்து குழாயை விரிக்கிறது. ஆனால் அதோடு முடியவில்லை. ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. தேவையில்லாத உறைகட்டியைக் கரைக்கும் பொருளை வெளியிடுகிறது. வெள்ளை அணுக்களுக்கு எங்கே வழிவிடுவது, எங்கே விடக் கூடாது என்று தீர்மானிக்கிறது. விரிக்கும் பொருளைப் போலவே சுருக்கும் பொருளையும் அதுவே செய்கிறது. எண்டோதீலின் என்ற அந்தப் பொருளை 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் காவல் தளர்ந்தால் நேர்வதுதான் இதய நோயின் தொடக்கம். செல்களுக்கிடையேயான பிணைப்பு நெகிழ்கிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் படலத்துக்கு அடியில் புகுந்து தங்கி மாற்றமடைகிறது. உட்படலம் தன் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களை நீட்டுகிறது. வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டி உள்ளே இறங்கி, கொழுப்பை விழுங்கி, வெளியேற முடியாமல் அங்கேயே கிடக்கின்றன. சுவர் தடிக்கிறது. இது எங்கே முதலில் நடக்கிறது என்று பாருங்கள்: குழாய்கள் கிளை பிரியும் இடத்திலும் வளைவின் உட்புறத்திலும். அங்கே ரத்தம் நேராக ஓடாமல் சுழன்று தயங்குகிறது. வாய்க்கால் பிரியும் இடத்தில் நீர் தயங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் வாய்க்காலில் வண்டல் மேலே படிகிறது. இங்கே சுவருக்குள்ளே வளர்கிறது. 'கொழுப்பு படிந்துவிட்டது' என்று நாங்கள் சொல்லும்போது தவறிப்போகும் செய்தி இதுதான்.

இன்னொன்றும் தவறிப்போகிறது. சுவர் தடிக்கத் தொடங்கியதும் குழாய் உடனே குறுகிவிடாது. வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கும். 1987-இல் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் சீமோர் கிளாகோவ், இறந்தவர்களின் 136 இதயங்களை ஆராய்ந்து காட்டினார்: உள்ளே தடிப்பு சுமார் 40 சதவீத இடத்தைப் பிடிக்கும்வரை ரத்தம் ஓடும் வழி குறையாமலே இருக்கலாம். ஆஞ்சியோ காட்டுவது அந்த வழியின் நிழலை மட்டும். அதனால்தான் 'ஆஞ்சியோ நார்மல்' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, புகைப்பதைத் தொடரும் மனிதரைப் பார்க்கும்போது எனக்கு அச்சம் வருகிறது. மாரடைப்புகளில் கணிசமானவை, அதற்கு முன் 50 சதவீதம்கூட அடைக்காத இடங்களில்தான் வெடிக்கின்றன. மேல் மூடி கிழிந்து உள்ளிருப்பது ரத்தத்தைத் தொட்டதும் நிமிடங்களில் உறைகட்டி எழுகிறது. சிலருக்கு மூடி கிழிவதுகூட இல்லை. உட்படலச் செல்கள் மட்டும் உதிர்ந்து போன இடத்தில் ரத்தம் உறைகிறது. புகைப்பவர்களிடமும் வயது குறைந்த பெண்களிடமும் இந்த வகை கூடுதலாகக் காணப்படுகிறது.

இதை வைத்துக்கொண்டு யாரும் ஸ்டென்ட் வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது குழாயைத் திறப்பது உயிரைக் காக்கும். அதில் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. நான் பேசுவது, நடந்தால் வலி, நின்றால் சரி என்று நிலையாக இருக்கும் நோயாளிகளைப் பற்றி. 2007-இல் 2,287 பேரிடம் நடந்த 'கரேஜ்' ஆய்வும், 5,179 பேரைக் கொண்டு 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வும் ஒன்றைத் தெளிவாக்கின. இத்தகையவர்களுக்கு நல்ல மருந்தோடு ஸ்டென்டும் சேர்த்தால் வலி குறையலாம்; மரணமும் மாரடைப்பும் குறைவதில்லை. உட்படலத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. இரண்டு சென்டிமீட்டரைச் சரிசெய்தால் மீதி என்ன ஆகும்? ஆனாலும் நம் மருத்துவமனைகளில் ஸ்டென்டுக்கு ஒரு மணி நேரமும், மாத்திரையை விளக்க இரண்டு நிமிடமும் ஒதுக்குகிறோம். இந்தக் கணக்கை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். நானும் அந்த இரண்டு நிமிடக்காரனாகவே பல ஆண்டுகள் இருந்தேன்.

உட்படலத்தின் நலத்தை அளக்க முடியுமா? முடியும். 1992-இல் லண்டனில் டேவிட் செலர்மேயரும் ஜான் டீன்ஃபீல்டும் ஓர் எளிய வழியை வெளியிட்டார்கள். கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்தி, பிறகு விடுவிக்கிறார்கள். ரத்தம் பாய்ந்து வரும் வேகத்தில் நல்ல உட்படலம் தமனியை விரிக்கும். அதை அல்ட்ராசவுண்டில் அளக்கலாம். புகைப்பவர்களிடமும், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்த சிறுவர்களிடமும் இந்த விரிவு மிகக் குறைவாக இருந்தது. நெஞ்சுவலிக்குப் பல பத்தாண்டுகள் முன்பே, பள்ளி வயதிலேயே படலம் களைத்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே ஆய்வாளர்கள், தாம் புகைக்காமல் அடுத்தவர் புகையைச் சுவாசித்த இளைஞர்களிடமும் அதே குறையைக் கண்டார்கள். பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் தேநீர்க் கடைகளின் வாசலில் அந்த அறிவிப்புப் பலகைக்குக் கீழேயே, பீடி பற்றவைக்க நெருப்புக் கயிறோ லைட்டரோ தொங்குகிறது. டம்ளர் கழுவும் பையனின் ரத்தக் குழாய்க்கு அந்தப் பலகையால் ஒரு பயனும் இல்லை. அந்தக் கயிற்றையும் லைட்டரையும் கழற்றச் சொல்லும் அதிகாரம் உள்ளவர்கள் கழற்றச் சொல்ல வேண்டும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாற்பதுகளின் கடைசியில் இருந்த ஓர் அங்கன்வாடிப் பணியாளர், மூன்று ஆண்டுகளாக நெஞ்சு இறுக்கத்தோடு அலைந்தவர், என்னிடம் வந்தார். இரண்டு முறை ஆஞ்சியோ. இரண்டு முறையும் அடைப்பில்லை. "கேஸ்தாம்மா, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். வீட்டிலும் அதே பேச்சு. ஆஞ்சியோவில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டுமே. இதயத் தசைக்குள் பரவியிருக்கும் நுண்குழாய்கள் அதில் தெரியாது. அவற்றின் உட்படலம் விரிய மறந்து சுருங்கினால் வலி உண்மையாகவே வரும். 1986-இலேயே அமெரிக்க மருத்துவர்கள், நோயுற்ற இதயத் தமனியில் அசிட்டைல்கோலினைச் செலுத்தி, விரிய வேண்டிய குழாய் சுருங்குவதைப் படமெடுத்துக் காட்டிவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அடைப்பில்லாத 151 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. நுண்குழாயைச் சோதித்து, அதற்கேற்ற மருந்து கொடுத்தவர்களுக்கு வலி குறைந்தது. நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் குறைந்தது மண்டலத்துக்கு ஒன்றிலாவது இந்தச் சோதனை கிடைக்க வேண்டும். அதுவரை, 'அடைப்பில்லை' என்ற சொல்லை 'நோயில்லை' என்று மொழிபெயர்ப்பதையாவது நாங்கள் நிறுத்தலாம். அந்த அம்மாவுக்குச் சரியான மருந்து தொடங்கி, "உங்களுக்கு வலிப்பது நிஜம்தான்" என்று சொன்னபோது அவர் அழுதார். வலி பிறகுதான் குறைந்தது.

நைட்ரிக் ஆக்சைடின் புகழ் வணிகத்துக்கும் போய்விட்டது. எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான் உட்படலம் அதைச் செய்கிறது. ஆகவே அந்தப் பொடியைச் சாப்பிட்டால் போதும் என்று டப்பாக்கள் விற்கின்றன. மாரடைப்பு வந்த 153 பேரிடம் அமெரிக்காவில் இதைச் சோதித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். குழாய்களில் எந்த முன்னேற்றமும் இல்லை. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள். எடுக்காதவர்களில் ஒருவரும் இல்லை. ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். காரணம் விளங்கக்கூடியதே. நோயுற்ற செல்லில் குறைவது பெரும்பாலும் மூலப்பொருள் இல்லை, அதை வார்க்கும் நொதியின் ஒழுங்கு. ஒழுங்கு கெட்ட நொதி நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகச் செல்லை அரிக்கும் பொருளை வெளியிடுகிறது. நெஞ்சு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த டப்பாவைத் தொட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

படலத்தை மீட்பவை எவை? மிக எளியவை. ரத்தம் விரைந்து ஓடும்போது உட்படலத்தை இதமாக வருடிச் செல்கிறது. அந்த வருடல்தான் நைட்ரிக் ஆக்சைடு செய்யச் சொல்லும் கட்டளை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இதய நோயாளிகள் 19 பேரை வைத்து நடந்த ஆய்வில், நான்கு வாரப் பயிற்சியிலேயே இதயத் தமனியின் உட்படலம் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. அதே குழு 2004-இல், நிலையான நோயுள்ள 101 ஆண்களை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு ஸ்டென்ட், மறு பிரிவுக்கு ஓராண்டு மிதிவண்டிப் பயிற்சி. ஆண்டு முடிவில் புதிய இதயச் சிக்கல் இல்லாதவர்கள் பயிற்சிப் பிரிவில் 88 சதவீதம். ஸ்டென்ட் பிரிவில் 70. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் 'நடங்க' என்று நான் சொல்லும்போது அதை அறிவுரையாகச் சொல்வதில்லை, மருந்தாகவே எழுதிக்கொடுக்கிறேன்.

அந்த விவசாயிக்குச் சொன்ன பதிலும் இதுதான். ஸ்டாட்டின் மாத்திரை எல்டிஎல்-ஐக் குறைத்து, படலத்துக்கு அடியில் புகுவதைத் தடுக்கிறது. படலம் தன் வேலையைச் செய்யவும் உதவுகிறது. பிரஷர் மாத்திரை சுவர் மீது விழும் அடியைக் குறைக்கிறது. ஆஸ்பிரின், படலம் உதிர்ந்த இடத்தில் தட்டுகள் கூடாமல் பார்த்துக்கொள்கிறது. "இத்தன மாத்திரை தின்னா கிட்னி போயிடும்னு ஊர்ல சொல்றாங்க" என்றார். சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பவை கட்டுப்படாத சுகரும் பிரஷரும். சிறுநீரகம் என்பதே நுண்குழாய்க் கொத்துதான், அங்கேயும் இதே படலம்தான் என்று விளக்கினேன். இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. அத்தனை பேருடைய உட்படலமும் ஒவ்வொரு நாளும் சர்க்கரைப் பாகில் ஊறுகிறது. 2021-இல் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். என் ஆஞ்சியோ அறையில் நடப்பதைவிடப் பெரிய இதய சிகிச்சை அவர்கள் தோள்பையில் இருக்கிறது என்று நம்புகிறேன். அவர்களுக்குக் கூடுதல் ஊதியமும் பயிற்சியும் கொடுங்கள்; தேவைப்படுவோருக்கு ஸ்டாட்டினும் அதே பையில் தவறாமல் வரட்டும்.

மாரடைப்பு நம்மவர்களைச் சீக்கிரம் தேடி வருகிறது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. இந்த ஆறு ஆண்டுகள் எங்கே தொலைகின்றன என்று தேடினால் வெளிநோயாளிப் பிரிவுக்கு வெளியே, துணைக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆறு மாதம் கழித்து அந்த விவசாயி மறுபடி வந்தார். பீடியை விட்டிருந்தார். விடியலில் வாய்க்கால் கரையோடு கடைசி மதகு வரை நடந்து திரும்புவதாகச் சொன்னார். மாத்திரை ஒரு நாளும் தப்பவில்லை என்று மனைவி சாட்சி சொன்னார். சீட்டை எழுதி முடிக்கும்போது, பைக்கில் கூட்டிவந்த மகன் கதவருகே நிற்பதைப் பார்த்தேன். 28 வயது, சட்டைப் பையில் சிகரெட் பெட்டி. "தம்பி, இப்படி வந்து உட்காருங்க" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்றபடி உட்கார்ந்து கையை நீட்டினான். பட்டையைக் கட்டிக் காற்றேற்றினேன். 156-க்கு 102. சற்று நேரம் விட்டு மறுபடி பார்த்தேன், அதேதான். அதுவரை அவனுக்கு யாரும் பிரஷர் பார்த்ததே இல்லை.

கட்டுரையாளர்: இதய நோய் மருத்துவர்.